ஐரிஷ் ரெபெல் பாட்டு கேக்க ஆரம்பிக்கணும்னா இந்த ஒரு ஆல்பம் எடுங்க, எப்படி கேக்கணும்னும் சொல்றேன்

கேள்வி இதுதான். கானர் மெக்ரெகர்னு ஒரு ஐரிஷ் சண்டை வீரர் யு.எஃப்.சி (கலப்பு தற்காப்புக்கலை) சண்டைக்கு நடந்து வர்றப்போ போடுற "தி ஃபாகி ட்யூ" பாட்ட கேட்டுட்டு ஒருத்தர் அதுலயே விழுந்துட்டார். இந்த மாதிரி ஐரிஷ் நாட்டுப்புற பாட்டு, ரெபெல் பாட்டு (பிரிட்டிஷ் ஆட்சிய எதிர்த்த கிளர்ச்சிப் பாட்டு) எல்லாம் சேத்து கேக்க எந்த ஆல்பம் நல்லது, அதுல என்னதான் பாடுறாங்க, இதெல்லாம் ஐ.ஆர்.ஏ, அதாவது பிரிட்டிஷ் ஆட்சிய எதிர்த்து சண்டை போட்ட ஐரிஷ் ஆயுதப் படை, அதோட பாட்டான்னு கேக்குறார்.

ஆல்பம் பேர மொதல்ல சொல்லிடறேன். கிளான்சி பிரதர்ஸும் டாமி மேக்கமும் பாடின "தி ரைசிங் ஆஃப் தி மூன்". 1956ல வந்தது, அவங்க முதல் ஆல்பமே அதுதான். பேருக்கு கூடவே "ஐரிஷ் சாங்ஸ் ஆஃப் ரெபெல்லியன்"னு போட்டிருக்கும். இதுக்கப்புறம் இந்த மாதிரி எத்தனையோ ரெகார்டு வந்திருக்கு, டப்ளினர்ஸ், உல்ஃப் டோன்ஸ்னு பெரிய பேண்ட் எல்லாம் இருக்கு, அதையெல்லாம் நானும் ஆசையா கேப்பேன், ஆனா புதுசா வர்றவங்க கைல நான் எப்பவும் இதத்தான் குடுக்குறது. ஏன்னு சொல்றதுக்குத்தான் இவ்ளோ நீளமா எழுத உக்காந்திருக்கேன்.

நான் இதுக்குள்ள வந்தது 2009 டிசம்பர்ல. லியாம் கிளான்சி இறந்துட்டார்னு நியூஸ் வந்தது, இந்த ஆல்பத்துல பாடின நாலு பேர்ல கடைசியா இருந்தவர் அவர்தான். யாரு இவர்னு தேடிப் போய் ஒரு பாட்டு கேட்டேன், அன்னிக்கு ராத்திரி தூங்கவே இல்ல, அப்புறம் இத்தன வருஷமா விடாம கேட்டுட்டு இருக்கேன், ஒவ்வொரு பாட்டுக்கும் பின்னாடி என்ன நடந்ததுன்னு தேடித் தேடி படிச்சிட்டு இருக்கேன்.

அந்த நாலு பேர் கதைய சுருக்கமா சொல்லிடறேன். பேடி, டாம், லியாம் மூணு பேரும் அண்ணன் தம்பி, டிப்பரரி கவுண்டில கேரிக் ஆன் ஷூர்னு ஒரு சின்ன டவுன். பேடியும் டாமும் மூத்தவங்க, ரெண்டாம் உலகப்போர்ல பிரிட்டிஷ் விமானப்படைல வேலை பாத்தவங்க. ஆமா, பிரிட்டிஷ் விமானப்படைதான், இத ஞாபகம் வச்சுக்கங்க. போர் முடிஞ்சு கனடா போய், அங்கிருந்து நியூயார்க் வந்து, நாடகத்துல நடிச்சுட்டு இருந்தாங்க. பாட்டு அவங்களுக்கு தொழிலே கிடையாது, நாடக செலவுக்கு காசு பத்தாம நடுராத்திரி கச்சேரி வச்சு வசூல் பண்ணாங்க, அப்படித்தான் ஆரம்பம். கடைசி தம்பி லியாம் ஊர்லயே இருந்தான். 1955ல டயான் ஹாமில்டன்னு ஒரு அமெரிக்க அம்மா, குக்கன்ஹைம்ங்கிற பெரிய பணக்கார குடும்பத்துப் பொண்ணு, நாட்டுப்புற பாட்ட டேப்ல பதிவு பண்ண அயர்லாந்து வந்தாங்க, லியாமும் அவங்க கூட சுத்தினான். வடக்க ஆர்மா கவுண்டி கீடிங்கிற ஊர்ல சேரா மேக்கம்னு ஒரு அம்மா இருந்தாங்க, நூத்துக்கணக்குல பழைய பாட்டு மனப்பாடமா தெரிஞ்சவங்க, அவங்க குரல பதிவு பண்ணத்தான் போனாங்க. போன வீட்ல அவங்க பையன் டாமிய லியாம் பாத்தான். ரெண்டு பேருக்கும் இருபது வயசு வாக்கு, ரெண்டு பேருக்கும் அமெரிக்கா போகணும், நடிக்கணும். கொஞ்ச மாசத்துல ரெண்டு பேருமே போய்ட்டாங்க.

1956ல டயான் ஹாமில்டன் பணத்துல ட்ரெடிஷன் ரெகார்ட்ஸ்னு ஒரு கம்பெனி ஆரம்பிச்சாங்க, பேடி அதுக்கு தலைவர். டாமி மேக்கம் அப்ப நியூ ஹாம்ஷயர்ல ஒரு ஃபவுண்டரில வேலை பாத்து கைல பலமா அடிபட்டு இருந்த நேரம். பிராங்க்ஸ்ல ஒரு வீட்டு சமையலறை டேபிள சுத்தி உக்காந்து பாடினாங்க, அதான் இந்த ஆல்பம். வாத்தியம்னா பேடியோட ஹார்மோனிகா ஒண்ணுதான். 1959ல கிட்டார், ஹார்ப் எல்லாம் சேத்து அதே ஆல்பத்த திரும்ப ரெகார்ட் பண்ணாங்க, இப்ப பெரும்பாலும் கிடைக்கிறது அந்த ரெண்டாவது பதிவுதான். முதல் பதிவு கிடைச்சா விடாதீங்க. நாலு ஆம்பள குரலும் ஒரு ஹார்மோனிகாவும், வேற ஒண்ணுமே இல்லாததால ஒவ்வொரு வார்த்தையும் நேரா வந்து காதுல உக்காரும். அவங்க பேர் சொன்னா எல்லாருக்கும் ஞாபகம் வர்ற வெள்ளை கம்பளி ஸ்வெட்டர், 1961ல எட் சல்லிவன் டிவி ஷோ, கென்னடி முன்னாடி பாடினது, அதெல்லாம் அப்புறம் வந்த புகழ். இந்த ரெகார்டுல அந்த புகழோட வாசனையே கிடையாது, அதனாலயே எனக்கு இது ரொம்ப பிடிக்கும்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். இந்த பாட்டெல்லாம் கேக்குற முக்காவாசி பேர் பண்ற ஒரு தப்பு இருக்கு, நானும் ரொம்ப நாள் அப்படித்தான் கேட்டேன். சண்டை நடந்தப்பவே சண்டை போட்டவங்களே பாடின பாட்டுன்னு நெனச்சு கேக்குறது. கிடையாதுங்க. ஒவ்வொரு பாட்டுக்கும் ரெண்டு வருஷம் இருக்கு, சம்பவம் நடந்த வருஷம் ஒண்ணு, பாட்டு எழுதின வருஷம் ஒண்ணு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்தாதான் இந்த ஆல்பம் என்ன பேசுதுன்னே புரியும். இன்னொண்ணு, இதுல பாடுற எழுச்சி பெரும்பாலும் அந்த நேரத்துல தோத்துப்போனது. ஜெயிச்ச கதைன்னு முழுசா ஒண்ணு கூட கிடையாது.

தலைப்பு பாட்டையே எடுத்துக்கங்க. அது பேசுறது 1798. அந்த வருஷத்த மட்டும் தெரிஞ்சுக்கிட்டா இந்த ஆல்பத்துல பாதி திறந்துடும், அதனால கொஞ்சம் விளக்கமா சொல்றேன். 1791ல பெல்ஃபாஸ்ட்ல "யுனைடெட் ஐரிஷ்மென்"னு ஒரு சங்கம் ஆரம்பிக்கிறாங்க. ஆரம்பிச்சதுல பெரும்பாலானவங்க பிரெஸ்பிட்டேரியன் வியாபாரிங்க, அதோட பெரிய முகமா ஆன உல்ஃப் டோன் ஆங்கிலிக்கன் சபைல பொறந்தவர், அதாவது ரெண்டுமே புராட்டஸ்டண்ட் பக்கம். நாட்டுல பெரும்பான்மையான கத்தோலிக்கர்கள் பார்லிமெண்ட்ல உக்கார முடியாது, பிரெஸ்பிட்டேரியன்களுக்கும் பல தடை, பக்கத்துல பிரான்ஸ்ல புரட்சி வெடிச்சிருக்கு, நாம எல்லாரும் கத்தோலிக்கன் புராட்டஸ்டண்ட்னு பாக்காம ஐரிஷ்காரனா ஒண்ணு சேருவோம்னாங்க. பிரெஞ்சு புரட்சிக்காரங்க மாதிரி தலைமுடிய ஒட்ட வெட்டிக்கிட்டாங்க, அதனால "கிராப்பி"ன்னு அவங்களுக்கு பட்டப்பேரு. துப்பாக்கி கம்மி, ஊர் கொல்லன் பட்டறைல அடிச்ச நீள ஈட்டிதான் ஆயுதம். 1798 மே மாசம் வெடிச்சது, இலையுதிர் காலத்துக்குள்ள முடிஞ்சுபோச்சு. செத்தவங்க பத்தாயிரத்துல இருந்து முப்பதாயிரம் வரைக்கும்னு மதிப்பிடுறாங்க, நாலு மாசத்துல.

அந்த தலைப்பு பாட்டுல ஒருத்தன் இன்னொருத்தன் கிட்ட ரகசியமா சொல்றான், இன்னிக்கு ராத்திரி நிலா எழும்புறப்போ எல்லாரும் ஆத்தங்கரைல கூடணும், ஈட்டிய எடுத்துக்கோன்னு. கேக்குறப்போ ஏதோ அன்னிக்கு ராத்திரியே பக்கத்துல நிக்குற மாதிரி இருக்கும். ஆனா எழுதின ஜான் கீகன் கேசி பொறந்ததே 1846ல! சண்டை முடிஞ்சு 48 வருஷம் கழிச்சு பொறந்த பையன், இந்த பாட்ட எழுதுறப்போ இருபது வயசு கூட ஆகாதவன். அப்ப ஃபீனியன்கள்னு ஒரு ரகசிய இயக்கம் அடுத்த எழுச்சிக்கு தயார் பண்ணிட்டு இருந்தாங்க, கேசி அதுல இருந்தான். அப்ப பாட்டுல "நிலா எழும்புறப்போ"ன்னு சொல்றது 1798ஆ, வரப்போற ராத்திரியா? கேட்டவங்களுக்கு பதில் தெரியும். 1867ல ஃபீனியன் எழுச்சி நடந்து அதுவும் தோத்துச்சு, கேசிய பிடிச்சு மவுண்ட்ஜாய் ஜெயில்ல விசாரணை இல்லாம போட்டாங்க, வெளிய வந்தவன் ரொம்ப நாள் இருக்கல, 1870 மார்ச் 17, செயின்ட் பேட்ரிக் நாள் அன்னிக்கே செத்துப்போனான், 23 வயசு.

மெட்டும் அவன் சொந்த மெட்டு இல்ல. "தி வேரிங் ஆஃப் தி கிரீன்"னு 1798 காலத்துலயே தெருவுல பாடின பாட்டு ஒண்ணு இருக்கு, பச்சை நிறம் போட்டா தண்டனைங்கிற அந்த காலத்து கொடுமைய பத்தி பாடுறது. அந்த மெட்டுல புது வார்த்தைய உக்கார வச்சான். கேக்குறவன் காதுல ஒரே நேரத்துல ரெண்டு பாட்டு ஓடும், வாய்ல புதுசு, மனசுல பழசு. இந்த வித்தை ஆல்பம் முழுக்க இருக்கு, ஒவ்வொரு பாட்டுலயும் கவனிங்க.

"பூலவோக்", "கெல்லி த பாய் ஃப்ரம் கில்லான்" ரெண்டும் ஒரே ஆள் எழுதினது, பேட்ரிக் ஜோசஃப் மெக்கால்னு ஒரு டப்ளின்காரர். ரெண்டும் 1798ல வெக்ஸ்ஃபோர்ட் கவுண்டில நடந்தத பத்தி. பூலவோக் ஒரு ஊர் பேர். அங்க ஃபாதர் ஜான் மர்ஃபின்னு ஒரு பாதிரியார், ஆரம்பத்துல தன் ஜனங்க கிட்ட ஆயுதத்த ஒப்படைச்சிடுங்க, சண்டை வேணாம்னு சொன்னவர். அரசாங்க குதிரைப்படை வந்து வீடு வீடா கொளுத்தவும் அவரே ஜனத்த கூட்டிட்டு முன்னாடி நின்னுட்டார். மே 27ல ஊலார்ட் குன்றுல அவங்க ஜெயிச்சாங்க. ஜூன் 21ல வினிகர் ஹில்ல படை நொறுங்கிடுச்சு. ஜூலை 2ல டல்லோ ஊர் சந்தைல சாட்டையடி குடுத்து, தூக்குல போட்டு, தலைய வெட்டி, உடம்ப தார் பீப்பாய்ல எரிச்சாங்க. அஞ்சு வாரம், அவ்ளோதான். மெக்கால் இத எழுதினது 1898, நூற்றாண்டு நினைவு வருஷம், நாடு பூரா ஊர்வலமும் சிலையும் பாட்டுமா இருந்த நேரம். "யாவல் ஹார்பர்"ங்கிற பழைய மெட்ட எடுத்தார், ரொம்ப மெதுவான மெட்டு, சாயங்கால வெளிச்சத்துல ஆரம்பிச்சு பாதிரியார் சாவுல போய் முடியுது, குரல் எங்கயும் உயரவே இல்ல. ஆல்பத்துல எனக்கு மனசு கனக்குற இடம் இதுதான்.

கெல்லி பாட்டு நேர் எதிர், மார்ச்சிங் மாதிரி போகும், ஏழடி உயரம் எங்க ஆளுன்னு ஊரே மார்தட்டிக்கும். ஜான் கெல்லி ஜூன் 5ல நியூ ராஸ் சண்டைல காயம்பட்டு, அப்புறம் பிடிபட்டு வெக்ஸ்ஃபோர்ட் பாலத்துல தூக்குல போடப்பட்டவர். அதே ஜூன் 5, அதே சண்டை நடந்த இடத்துக்கு கொஞ்ச தூரத்துல ஸ்கல்லபோக்னு ஒரு இடம், அங்க எழுச்சிக்காரங்க பிடிச்சு வச்சிருந்த நூறு பேருக்கு மேல, பெரும்பாலும் புராட்டஸ்டண்ட், பொம்பளைங்க கொழந்தைங்க உட்பட, களஞ்சியத்துல அடைச்சு கொளுத்தினாங்க. பாட்டுல அது ஒரு வரி கூட இல்ல. கத்தோலிக்கன் புராட்டஸ்டண்ட் ஒண்ணு சேரணும்னு ஆரம்பிச்ச இயக்கம், அதே பேர்ல அது நடந்தது. பாட்டு எத ஞாபகம் வச்சுக்குதுன்னு கேக்குற மாதிரியே எத விட்டுட்டு போகுதுன்னும் கேக்கணும், இந்த ஆல்பத்த மனசார நேசிச்சாலும் இத சொல்லாம என்னால இருக்க முடியாது.

"தி விண்ட் தட் ஷேக்ஸ் த பார்லி" பேர் நிறைய பேருக்கு 2006ல கென் லோச் எடுத்து கான் திரைப்பட விழால தங்கப்பனை வாங்கின படத்தால தெரியும். படம் 1920கள பத்தி, பாட்டு மறுபடியும் 1798. எழுதினது ராபர்ட் டுவையர் ஜாய்ஸ், 1798க்கு பல வருஷம் கழிச்சு லிமெரிக் கவுண்டில பொறந்த டாக்டர். ஒருத்தன் காதலிச்ச பொண்ண விட்டுட்டு சண்டைக்கு போறதா வேணாமான்னு தவிச்சிட்டு நிக்கிறான், அந்த நிமிஷத்துல ஒரு குண்டு வந்து அவ மேல பட்டு அவன் மடிலயே உயிர் போகுது. அவ்ளோதான் கதை. பார்லி ஏன் வருதுன்னா, ஈட்டிக்காரங்க சாப்பாட்டுக்கு பாக்கெட்ல பார்லி, ஓட்ஸ் தானியத்த போட்டுட்டு நடந்தாங்க, செத்தவங்கள மொத்தமா குழில தள்ளி மூடினாங்க, அடுத்த வசந்தத்துல அந்த குழி மேல பார்லி முளைச்சுதுன்னு ஜனங்க சொல்லுவாங்க. குழி எங்க இருக்குன்னு அடையாளம் போட விடாத இடத்துல தானியமே அடையாளம் போட்டிருக்கு. இத தெரிஞ்சுட்டு கேளுங்க, காத்து பார்லிய அசைக்குதுன்னு வர்ற ஒவ்வொரு தடவையும் உடம்பு சிலிர்க்கும்.

"த மென் ஆஃப் த வெஸ்ட்" வில்லியம் ரூனி எழுதினது, 1901ல 27 வயசுல இறந்தவர், பிற்பாடு ஷின் ஃபெய்ன்ங்கிற கட்சி ஆரம்பிச்ச ஆர்தர் கிரிஃபித்தோட நெருங்கின நண்பர். 1798 ஆகஸ்ட்ல ஜெனரல் ஹம்பெர்ட் எழுச்சிக்கு உதவியா ஆயிரம் பிரெஞ்சு சிப்பாய்களோட மேற்குக் கரைல கில்லாலாங்கிற ஊர்ல வந்து இறங்கினத பாடுது. ஆகஸ்ட் 27ல காஸில்பார்ல பிரிட்டிஷ் படை ஓடின ஓட்டத்த இன்னிக்கும் "காஸில்பார் ரேஸ்"னுதான் சொல்றாங்க. சந்தோஷமான பாட்டு, "ரோசின் த போ"ங்கிற குடிப்பாட்டு மெட்டு. ஆனா பன்னண்டே நாள்ல பாலினாமக்ல எல்லாம் முடிஞ்சது, சரணடைஞ்ச பிரெஞ்சுக்காரங்கள மரியாதையா ஊருக்கு அனுப்பினாங்க, கூட நின்ன ஐரிஷ்காரங்கள வெட்டிப் போட்டாங்க.

தாமஸ் மூர் எழுதின "த மின்ஸ்ட்ரல் பாய்" பத்தி நான் ரொம்ப சொல்லல, அழகான பாட்டுதான், ஆனா வரவேற்பறைல பியானோ முன்னாடி பாடுறதுக்குன்னே செஞ்ச மாதிரி எனக்கு படும்.

இப்ப 20ம் நூற்றாண்டு. நீங்க கேட்ட "ஃபாகி ட்யூ". மெக்ரெகருக்கு போடுறது ஷினேட் ஓ'கானர் பாடினது, 1995ல சீஃப்டன்ஸ்ங்கிற பேண்ட் கூட சேந்து ரெகார்ட் பண்ணது, 2015ல அவங்களே நேர்ல வந்து அரங்கத்துல பாடினாங்க. கிளான்சிங்க பாடினது அதுக்கு ரொம்ப முன்னாடி, ரொம்ப எளிமையா. எழுதினவர் கேனன் சார்ல்ஸ் ஓ'நீல்னு வடக்க டவுன் கவுண்டில இருந்த ஒரு பாதிரியார், 1919 வாக்குல. சம்பவம் 1916 ஏப்ரல் 24, ஈஸ்டர் திங்கள்கிழமை, டப்ளின்ல ஆயிரத்து சொச்சம் பேர் தபால் ஆபீஸ் உட்பட பல கட்டடத்த பிடிச்சு குடியரசுன்னு அறிவிச்சாங்க, அஞ்சு நாள்ல சரண். செத்தவங்க 485 பேர், அதுல பாதிக்கு மேல சும்மா போனவங்க வந்தவங்க. மே மாசம் 3ல இருந்து 12க்குள்ள தலைவர்கள ஜெயில் முற்றத்துல வரிசையா சுட்டாங்க, அதுக்கப்புறம்தான் ஜனமே அவங்க பக்கம் திரும்பிச்சு.

ஆனா பாட்டோட உயிர் அங்க மட்டும் இல்ல. ஒரு இடத்துல சொல்றாங்க, சுவ்லாலயும் சட் எல் பார்லயும் சாகுறத விட ஐரிஷ் வானத்துக்கு கீழ சாகுறது மேல்னு. அந்த ரெண்டும் என்ன ஊர்? துருக்கில கலிபோலி. முதல் உலகப்போர்ல பிரிட்டிஷ் சீருடை போட்டு ரெண்டு லட்சத்துக்கு மேல ஐரிஷ் பசங்க போனாங்க. சட் எல் பார் கடற்கரைல டப்ளின் ஃபுசிலியர்ஸும் மன்ஸ்டர் ஃபுசிலியர்ஸும் கப்பல்ல இருந்து இறங்குறப்பவே கொத்துக்கொத்தா விழுந்தாங்க, தேதி 1915 ஏப்ரல் 25. டப்ளின் எழுச்சி 1916 ஏப்ரல் 24. ஒரு வருஷத்துக்கு ஒரு நாள் குறைவு. அதே தெரு பசங்க, ஒருத்தன் அங்க செத்தான், ஒருத்தன் இங்க செத்தான். அந்த ஒத்த வரில பாதிரியார் ரெண்டு பேரையும் சேத்து அழுறார், அங்க போய் செத்தவன திட்டல, உன் கல்லறை இங்க இருந்திருக்கணும்னுதான் சொல்றார். அதுக்கு அவர் எடுத்த மெட்டு ஒரு பழைய காதல் பாட்டோடது, "மூர்லாக் ஷோர்"னு பாடுறதும் இதே மெட்டுதான். அதான் உங்கள பிடிச்சு இழுத்திருக்கு. சண்டை அரங்கத்துல வீரமா கேக்குது, தனியா ராத்திரி கேட்டா துக்கமா கேக்கும், துக்கம்தான் அதோட நிஜ குணம்.

"கெவின் பேரி" இன்னும் பக்கத்துல வருது. 1920 செப்டம்பர் 20, டப்ளின் சர்ச் ஸ்ட்ரீட்ல ரொட்டி வாங்க வந்த பிரிட்டிஷ் ராணுவ லாரிய ஐ.ஆர்.ஏகாரங்க மடக்குறாங்க, துப்பாக்கிச் சூடு நடக்குது, கெவின் பேரி லாரிக்கு கீழ ஒளிஞ்சு மாட்டிக்கிறான். 18 வயசு, மெடிக்கல் படிக்கிற பையன். நவம்பர் 1ல மவுண்ட்ஜாய்ல தூக்கு. அதுக்கு ஒரு வாரம் முன்னாடிதான் கார்க் நகர மேயர் டெரன்ஸ் மக்ஸ்வீனி 74 நாள் உண்ணாவிரதத்துல லண்டன் பிரிக்ஸ்டன் ஜெயில்ல செத்திருந்தார், நாடே கொதிச்சுட்டு இருந்த நேரம். அடுத்த நாள் நவம்பர் 2, எங்கயோ இமயமலை அடிவாரத்துல டக்ஷாய் ஜெயில்ல ஜேம்ஸ் டேலின்னு ஒரு ஐரிஷ் சிப்பாய சுட்டாங்க, ஜலந்தர்லயும் சோலன்லயும் இருந்த கன்னாட் ரேஞ்சர்ஸ் படை, எங்க ஊர்ல நீங்க பண்ற அநியாயத்துக்கு இங்க உங்களுக்கு வேலை செய்ய மாட்டோம்னு மறுத்ததுக்காக. ஒன்பது நாளுக்குள்ள மூணு சாவு, மூணு ஊர்ல. கெவின் பாட்டு அவன் செத்த சூட்டோடவே பரவிடுச்சு, எழுதினவர் பேரே பதிவாகல. நாய தூக்குல போடுற மாதிரி போடாத, சிப்பாய் மாதிரி சுடுன்னு அவன் கேக்குற மாதிரி வரும். அமெரிக்க பாடகர் பால் ராப்சன் வரைக்கும் இத பாடியிருக்கார். அந்த லாரி தாக்குதல்ல செத்த மூணு பிரிட்டிஷ் சிப்பாய்களும் அவன் வயசு வாக்கு பசங்கதான், பாட்டுல அவங்க இல்ல. மவுண்ட்ஜாய் வளாகத்துலயே புதைச்ச அவனையும் கூட ஒன்பது பேரையும் 2001 அக்டோபர்ல தோண்டி எடுத்து அரசு மரியாதையோட அடக்கம் பண்ணாங்க, கிட்டத்தட்ட 81 வருஷம் கழிச்சு. "டிப்பரரி ஸோ ஃபார் அவே"யும் அதே 1920தான், அக்டோபர் 14ல டால்பட் ஸ்ட்ரீட்ல சுட்டுக் கொல்லப்பட்ட ஷான் ட்ரேசி பத்தி. கிளான்சி வீட்டுக்கு அவர் சொந்த கவுண்டிக்காரர்.

அப்ப ஐ.ஆர்.ஏ பாட்டான்னு கேட்டீங்களே. கெவின் பேரியும் ஷான் ட்ரேசியும் 1919ல இருந்து 1921 வரை நடந்த விடுதலைப்போர்ல இருந்த ஐ.ஆர்.ஏ ஆளுங்க, அந்த ரெண்டு பாட்டுக்கு ஆமான்னு சொல்லலாம். மத்ததெல்லாம் அதுக்கு முன்னாடி நடந்தத பத்தி. நீங்க மனசுல நெனச்சு கேக்குறது 1969 கடைசில வந்த ப்ரொவிஷனல் ஐ.ஆர்.ஏன்னா, இந்த ஆல்பம் அதுக்கு 13 வருஷம் முன்னாடியே ரெகார்ட் ஆனது. ஆனா அதோட விட்டுட முடியாது. வட அயர்லாந்துல கலவரம் வெடிச்சு 1998 ஏப்ரல்ல சமாதான ஒப்பந்தம் ஆகுற வரைக்கும் சுமார் 3,500 பேர் செத்திருக்காங்க. அந்த முப்பது வருஷத்துல இதே பாட்ட பப்ல பாடினா அர்த்தம் மாறிடுச்சு, யார் பாடுறான், யார் கேக்குறான், எந்த தெருவுல பாடுறான்னு பாக்க வேண்டியதாச்சு. 1798 ஈட்டிய பாடினாலும் கேக்குறவன் காதுல நேத்து வெடிச்ச குண்டுதான் கேக்கும். குண்டுல பிள்ளைய பறிகொடுத்த குடும்பத்துக்கு இது நாட்டுப்புற பாட்டு இல்ல, அவங்க அத வெறுத்தா அதுல நியாயம் இருக்கு.

இன்னிக்கும் அது முடியல. 2020 ஜனவரில பழைய பிரிட்டிஷ் காலத்து போலீஸுக்கு அயர்லாந்து அரசு நினைவு நிகழ்ச்சி நடத்த போறோம்னு சொல்லவும் ஜனங்க கோவத்துல உல்ஃப் டோன்ஸ் பாடின "கம் அவுட் யே பிளாக் அண்ட் டான்ஸ்"ஸ (பிளாக் அண்ட் டான்ஸ்னா அந்த போலீஸ்ல சேத்த பிரிட்டிஷ் ஆளுங்க) வாங்கி வாங்கி ஐட்யூன்ஸ்ல முதல் இடத்துக்கு ஏத்திட்டாங்க. 2022ல உலகக்கோப்பைக்கு தகுதி பெற்ற சந்தோஷத்துல ஐரிஷ் பெண்கள் ஃபுட்பால் டீம் ட்ரெஸ்ஸிங் ரூம்ல ஐ.ஆர்.ஏ பேர் வர்ற ஒரு வரிய பாட, வீடியோ வெளிய வந்து, மன்னிப்பு கேட்டு, ஐரோப்பிய ஃபுட்பால் அமைப்பு யுஇஎஃப்ஏ 20,000 யூரோ அபராதமும் போட்டுச்சு. அந்த பொண்ணுங்கள்ல பல பேர் ஒப்பந்தத்தப்போ சின்னக் கொழந்தைங்க. என் கருத்து, ரெண்டையும் ஒரே தட்டுல வைக்கக் கூடாது. கேசி எழுதினதும், பாதிரியார் ஓ'நீல் எழுதினதும் சாவுக்காக அழுற பாட்டு. வெறும் கோஷம் போடுற பாட்டும் நிறைய இருக்கு, அத நான் கேக்குறதில்ல.

சிரிக்கிற பாட்டும் ரெண்டு இருக்கு, அத தாண்டிப் போய்டாதீங்க. "வேக் ஃபால் த டிடில்" எழுதினது பேடர் கியர்னி, அயர்லாந்து தேசிய கீதத்துக்கு வார்த்தை எழுதினவரும் அவரேதான். கொள்ளையடிச்சுட்டு எங்களுக்கு நாகரிகம் சொல்லிக் குடுத்த இங்கிலாந்து நல்லா இருக்கணும்னு வரிக்கு வரி வாழ்த்துற பாட்டு, திட்டு எல்லாம் வாழ்த்துக்குள்ளயே இருக்கு. இன்னொண்ணு "நெல் ஃப்ளாஹர்ட்டீஸ் ட்ரேக்". நெல்னு ஒரு பொம்பளையோட ஆண் வாத்த யாரோ திருடி கொன்னுட்டான், அவன் ஆடு மாடு கோழில இருந்து அவன் வீட்டு கூரை வரைக்கும் நாசமா போகட்டும்னு மூச்சு விடாம சாபம் விடுறாங்க. அந்த பச்சை வாத்து 1803 செப்டம்பர்ல தூக்குல போட்ட எழுச்சித் தலைவர் ராபர்ட் எம்மெட்டுன்னு காலங்காலமா சொல்றாங்க. பேர் சொல்லி அழ முடியாத காலத்துல வாத்துக்காக அழுதிருக்காங்க. அந்த அர்த்தத்தோட ஒரு தடவ கேளுங்க, சாபம் ஒவ்வொண்ணும் வேற மாதிரி விழும்.

பேடியும் டாமும் பிரிட்டிஷ் விமானப்படைல இருந்தத ஞாபகம் வைக்க சொன்னேன்ல? அதுக்கு காரணம் இந்த பாடுற விதம். ஹிட்லருக்கு எதிரா அதே இங்கிலாந்து சீருடைய போட்டவங்க இத பாடுறாங்க. அதனாலயோ என்னவோ, கத்தல் இல்ல, வெறி இல்ல. டாம் நாடகத்துலயே ஊறினவர், குரல் பெருசு, அவர் கூட தூக்கு வர்ற இடத்துல அடக்கி பாடுறார். அவங்களுக்கு முன்னாடி அமெரிக்கால ஐரிஷ் பாட்டுன்னா அம்மாவையும் பச்சை புல்வெளியையும் நெனச்சு உருகுற மேடைப் பாட்டுதான். இவங்க வந்தப்புறம் அயர்லாந்துலயே இளசுங்க தாத்தா பாட்டி பாட்ட திரும்ப எடுத்து பாட ஆரம்பிச்சாங்க, டப்ளினர்ஸ் 1962ல கிளம்பினதும் அந்த அலைலதான்.

கேக்குறப்போ ஆல்பத்துல இருக்குற வரிசைல முதல்ல கேக்காதீங்க. சம்பவம் நடந்த வரிசைலயும் வேணாம். எழுதின வரிசைல கேளுங்க: மூர், அப்புறம் ஜாய்ஸும் கேசியும், அப்புறம் ரூனியும் மெக்காலும், அப்புறம் ஓ'நீல், கடைசில கெவின் பேரி. மூர் பாட்ட தவிர கெவின் பேரி வரைக்கும் ஒவ்வொரு தலைமுறையும் தனக்கு முன்னாடி தோத்தவனுக்கு பாட்டு எழுதி வச்சுட்டு தானும் போய் நிக்கிறது வரிசையா தெரியும். மெக்கால் 1898ல எழுதின பாட்ட சின்ன வயசுல கேட்டவன் 1916ல துப்பாக்கிய எடுக்குற வயசு, கணக்கு போட்டு பாருங்க.

அதெல்லாம் முடிச்சுட்டு விளக்க அணைச்சுட்டு "ஏமன் அன் க்னிக்" கேளுங்க. ஆல்பத்துல ஐரிஷ் மொழில வர்ற பாட்டு, எல்லாத்துலயும் பழசு. ஏமன் ரயன் 17ம் நூற்றாண்டுல நிலத்த பறிகொடுத்துட்டு டிப்பரரி மலைல ஒளிஞ்சு திரிஞ்சவன், கடைசில நம்பினவனே காட்டிக் குடுத்து கொன்னான். பாட்டுல ராத்திரி ஒரு வீட்டு கதவ தட்டுறான். யாரது வெளியன்னு உள்ள இருந்து கேக்குறாங்க. நான்தான் மலைக்கார ஏமன், மலையும் பள்ளமும் நடந்து நடந்து நனைஞ்சு வெறைச்சுப் போய் நிக்கிறேங்கிறான். உள்ள இருக்குறவ சொல்றா, என் கண்ணே, நான் என்ன பண்ணுவேன், என் பாவாடை நுனிய உன் மேல போத்தி விடலாம், ஆனா குண்டு மழையா வருமே, ரெண்டு பேருமே செத்துடுவோமேன்னு. மொழி புரியாமலே நான் பல வருஷம் கேட்ட பாட்டு அது.